நடுரோட்டுக் கைது வீடியோவைப் பார்த்து யார் மேல் தவறு என்று சொல்ல முடியுமா?

கேள்வி இது. சென்னையில் இரவு வாகனச் சோதனை. இரண்டு நிமிடம் பத்து விநாடி ஓடும் வீடியோ. ஆரம்பத்திலேயே ஓர் இளைஞர் தன் பைக் பக்கத்தில் நின்று, "சாவிய எதுக்கு சார் எடுத்தீங்க?" என்று கத்துகிறார். "சட்டம் பேசறியா?" என்று எஸ்.ஐ. நெருங்குகிறார். தள்ளுமுள்ளு. இரண்டு காவலர்கள் கையைப் பின்னால் முறுக்க, இளைஞர் கீழே விழுகிறார். லத்தியால் தொடையில் இரண்டு அடி. தூக்கி நிறுத்திய பிறகு கன்னத்தில் ஓர் அறை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். "குடிச்சிட்டு வந்தா அடிக்கத்தான் செய்வாங்க" என்கிறார் கேட்டவரின் அப்பா. "அராஜகம்" என்கிறார்கள் நண்பர்கள். சட்டப்படி யார் சொல்வது சரி?

நான் எழும்பூரிலும் சைதாப்பேட்டையிலும் குற்ற வழக்கு நடத்தும் வக்கீல், பெரும்பாலும் பிடிபட்டவர் பக்கம். என் தராசு எந்தப் பக்கம் கொஞ்சம் சாயும் என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

அப்பாவும் நண்பர்களும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அதனால்தான் வீட்டில் சண்டை தீரவில்லை. பையன் ஒழுங்கானவனா என்று அப்பா பார்க்கிறார். போலீஸ் ஒழுங்கா என்று நண்பர்கள் பார்க்கிறார்கள். நீதிமன்றம் இரண்டையும் கேட்காது. நிறுத்தியது சரியா, கைது செய்தது சரியா, கை வைத்தது சரியா, பிறகு எழுதியது உண்மையா என்று துண்டு துண்டாக வெட்டித்தான் கேட்கும். முதல் துண்டில் போலீஸ் பக்கம் நியாயம் இருந்து மூன்றாவதில் இல்லாமல் போகலாம். குடித்துவிட்டு ஓட்டியவனும் அநியாயமாக அடிபட்டவனும் ஒரே ஆளாக இருப்பது என் தொழிலில் வாராவாரம் பார்ப்பது.

வீடியோவை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டு. இரண்டாவது தடவை திரையைக் கவிழ்த்துவைத்து, சத்தத்தை மட்டும் கேளுங்கள். சத்தமில்லாமல் பார்த்தால் யாருடைய கை எப்போது எங்கே இருந்தது என்பது தெரியும். சத்தத்தை மட்டும் கேட்டால், படம் எடுத்தவர் போட்ட வர்ணனையும் பின்னால் சேர்த்த இசையும் உங்களை எப்படி இழுத்துப் போயிருக்கின்றன என்பது புரியும். ஸ்லோமோஷனில் வருவதை நம்பாதீர்கள். வேகத்தைக் குறைத்துக் காட்டினால், செய்தவர் வேண்டுமென்றே செய்தார் என்று பார்ப்பவர்கள் கூடுதலாக நம்புகிறார்கள் என்று 2016-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இன்னொன்று, வீடியோ எப்போதும் நடுவில்தான் ஆரம்பிக்கும். சண்டை வந்த பிறகுதான் யாரும் போனை எடுக்கிறார்கள். வண்டியை நிறுத்திய முதல் அரை நிமிடம் யார் போனிலும் இருக்காது.

இனி சாவி. "சாவிய எடுக்க போலீசுக்கு அதிகாரம் இல்ல" என்று எல்லோரும் பேசுகிறோம். முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. ஓட்டுகிறவர் சாவியைப் பிடுங்கு என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்தப் பிரிவும் சொல்லவில்லை. சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் கேட்டால் லைசென்சைக் காட்ட வேண்டும் என்கிறது 130-வது பிரிவு. டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும். லைசென்ஸ் இல்லாமல், பதிவு இல்லாமல், பெர்மிட் இல்லாமல் ஓடுகிற வண்டியைப் பிடித்துவைக்க 207-வது பிரிவு இடம் தருகிறது. குடித்தவரைக் கைது செய்தால் வண்டியை அப்போதைக்குப் பத்திரப்படுத்த வழி செய்யலாம் என்று 202-வது பிரிவில் இருக்கிறது. ஆக, வாயில் வாடை வருகிற ஆளிடமிருந்து சாவியை வாங்கி வைத்த எஸ்.ஐ.யை நான் குறை சொல்ல மாட்டேன். ஹெல்மெட் போடாதவரிடம் பேச்சு ஆரம்பிக்கும் முன்பே சாவியை உருவுகிற பழக்கத்துக்கு எந்தப் பிரிவும் கிடையாது. அந்தக் குற்றத்துக்குச் சட்டம் வைத்திருப்பது 1,000 ரூபாய் அபராதமும் லைசென்ஸ் மீது நடவடிக்கையும்தான். பாதி ரோட்டுச் சண்டை இந்தச் சாவியில்தான் பற்றிக்கொள்கிறது. வாங்குகிற விதத்தில் ஒரு "கொடுப்பா" இருந்தால் பாதி அணைந்துவிடும்.

அப்பா சொன்ன குடி விஷயம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185-வது பிரிவில் குற்றம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். ஆனால் இதில் பலருக்குத் தெரியாத கொக்கி ஒன்று இருக்கிறது. அப்படிக் கைது செய்தவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று அதே 202-வது பிரிவு சொல்கிறது. "குடிச்சிருந்தான்" என்பதை நிரூபிக்க ஊதும் கருவி இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், கடிகாரமும் இருக்கிறது. லத்தி அந்தப் பட்டியலில் இல்லை. அந்த இரவு ஊதச் சொன்னார்களா, எத்தனை மணிக்கு, சீட்டு வந்ததா என்று அப்பாவிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, வீடியோவிலும் இல்லை. அதனால் வீடியோவைப் பொறுத்தவரை குடி ஒரு வதந்தி.

சரி, கைது. கேள்வி கேட்டதற்காக யாரையும் கைது செய்ய முடியாது. பெயர், முகவரி சொல்ல மறுத்தால் செய்யலாம். மோட்டார் வாகனச் சட்டத்திலும் அது இருக்கிறது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 39-வது பிரிவிலும் இருக்கிறது. அதே சட்டத்தின் 172-வது பிரிவு புதிது. போலீசின் சட்டப்படியான உத்தரவுக்குப் பணிய மறுப்பவரைப் பிடித்துவைத்து மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகலாம், சின்ன விஷயமானால் 24 மணி நேரத்துக்குள் விட்டுவிட வேண்டும் என்கிறது. "சட்டப்படியான" என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் நிற்கிறது. ஓரமாக நில்லுங்கள் என்றால் அது உத்தரவு. வாயை மூடு என்றால் உத்தரவு இல்லை.

கண்ணெதிரே பிடியாணை தேவைப்படாத குற்றம் நடந்தால் 35-வது பிரிவில் கைது செய்யலாம். இங்கேதான் எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அந்த மூன்று எண்கள் வருகின்றன: 294 பி, 353, 506 இரண்டு. ஆபாசமாகத் திட்டினார், பணி செய்ய விடாமல் பலத்தைப் பயன்படுத்தித் தடுத்தார், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார். அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 296 பி, 132, 351(3) என்று எண்கள் மாறிவிட்டன, வாசகம் மாறவில்லை. ரோட்டில் போலீசோடு தகராறு என்று வருகிற எஃப்.ஐ.ஆர்.களில் இந்த மூன்றும் கூட்டாளிகள் மாதிரி சேர்ந்தே வரும். சில நாள் உண்மையாகவே மூன்றும் நடந்திருக்கும். 2024 அக்டோபரில் மெரினா லூப் சாலையில் நள்ளிரவில் காரை எடுக்கச் சொன்ன ரோந்துக் காவலர்களை ஓர் ஆணும் பெண்ணும் பேசிய பேச்சைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைப் படம் எடுத்தது காவலர்தான். அந்தப் பதிவு இல்லாவிட்டால், போலீஸ் ஜோடியை மிரட்டியது என்றே செய்தி வந்திருக்கலாம். இருவரும் கைதானார்கள். கேமரா எப்போதும் போலீசுக்கு எதிரி என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் வீடியோவில் அந்த மூன்றும் நடந்தனவா? சத்தமாகப் பேசுகிறார், நாற்பதாவது விநாடியில் எஸ்.ஐ.யின் கையைத் தட்டிவிடுகிறார். அதற்கு முன் எஸ்.ஐ. அவர் சட்டைக் காலரைப் பிடித்திருக்கிறார். கை தட்டிவிட்டதை 132-க்குள் கொண்டுவர அரசு வக்கீல் பார்ப்பார். காலரைப் பிடித்தது பணியா என்று நான் கேட்பேன். மாஜிஸ்திரேட் யார் பக்கம் போவார் என்று பந்தயம் கட்ட மாட்டேன். இந்த இடத்தில் "தெரியாது" என்பதுதான் நேர்மையான பதில்.

ஆனால் அடுத்த பகுதியில் எனக்கு அவ்வளவு தயக்கம் இல்லை.

கைது செய்யும்போது உடம்பைத் தொடவோ அடைக்கவோ சட்டம் அனுமதிக்கிறது. எதிர்த்துத் திமிறினால் தேவையான எல்லா வழியையும் பயன்படுத்தலாம் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 43-வது பிரிவு சொல்கிறது. கொஞ்சம் தள்ளி 46-வது பிரிவு ஒரே வரியில் பூட்டுப் போடுகிறது: தப்பிக்காமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது. இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் ஒரு நொடி இருக்கிறது, ஆள் கட்டுக்குள் வந்த நொடி. அதற்கு முன் விழுந்த அடியைப் பற்றி இரண்டு பக்கமும் வாதாடலாம். அதற்குப் பின் விழுகிற அடிக்குச் சட்டத்தில் பெயரே வேறு.

அந்த நொடியைக் கண்டுபிடிப்பதுதான் வீடியோ பார்ப்பதில் பெரிய வேலை. முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். அவருடைய இரண்டு கையும் இன்னொருவர் பிடியில் இருக்கின்றனவா? காலால் உதைக்கிறாரா, அல்லது உடம்பைச் சுருட்டிக்கொள்கிறாரா? சுருட்டிக்கொள்வது எதிர்ப்பு இல்லை, அடி விழும் என்று தெரிந்த உடம்பு அதைத்தான் செய்யும். கையைப் பின்னால் முறுக்கும்போது தோள் தானாக எதிர்ப்பக்கம் திரும்பும். வலியிலிருந்து விலகுகிற அந்த அசைவைத் "திமிறினார்" என்று எழுதிவிடுவார்கள். உங்கள் கையை நீங்களே நண்பரிடம் கொடுத்து முறுக்கச் சொல்லிப் பாருங்கள். நீங்களும் திமிறுவீர்கள்.

போலீஸ்காரர் நிலையிலும் நின்று பார்க்க வேண்டும். இரவு. டேங்க் கவரில் கத்தி இருக்கிறதா என்று தெரியாது. சுற்றிலும் கூட்டம், அதில் யார் இவனுடைய ஆள் என்று தெரியாது. காலையில் வந்த டியூட்டி இன்னும் முடியவில்லை. அவருக்கு அப்போது என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். நமக்குப் பிறகு தெரிந்ததை வைத்து அளக்கக் கூடாது. அதனால் தள்ளிக் கீழே போட்டதை நான் பெரிதாகப் பேச மாட்டேன். தொடையில் விழுந்த முதல் லத்தி அடி எல்லைக்கோட்டில் இருக்கிறது, ஒரு கை இன்னும் விடுபட்டிருக்கிறது. இரண்டாவது அடி விழும்போது இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. முதுகில் ஒரு காவலரின் முழங்கால் இருக்கிறது. அந்த இரண்டாவது அடிக்கு 43-வது பிரிவில் இடம் இல்லை. (குப்புறப் போட்டு மேலே ஏறி உட்காருவது தனி ஆபத்து. மார்பு விரிய இடமில்லாவிட்டால் மூச்சு நிற்கும். "மூச்சு முட்டுது" என்று ஒருவர் கத்தினால் அவர் நடிக்கிறாரா என்று ஆராய்கிற நேரம் அது இல்லை.)

கன்னத்தில் விழுந்த அறைக்கு வாதமே கிடையாது. எழுப்பி நிறுத்தியாகிவிட்டது, இரண்டு பக்கமும் ஆள் பிடித்திருக்கிறார்கள். அறைந்து யாரையும் கட்டுக்குள் கொண்டுவர முடியாது. அது தண்டனை. தண்டிக்கிற அதிகாரம் ரோந்து ஜீப்பில் வருவதில்லை. "ஒரு அறைதானே" என்பார் அப்பா. ஒரு அறைதான். ஆனால் அந்த எஸ்.ஐ. அதுவரை செய்த எல்லாவற்றையும் சந்தேகத்துக்குக் கொண்டுபோவதும் அந்த ஒரு அறைதான். குறுக்கு விசாரணையில் நான் முதலில் அங்கேதான் போவேன்.

கைவிலங்கு பற்றிச் சுருக்கமாக. 1980-ல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் விலங்கை விதிவிலக்காக்கியது. புதிய நடைமுறைச் சட்டம் கொலை, பாலியல் வன்முறை, போதைப்பொருள், சட்டவிரோத ஆயுதம், தொடர் குற்றவாளி என்று பட்டியல் போட்டு அனுமதிக்கிறது. வாய்த்தகராறு அந்தப் பட்டியலில் இல்லை. பெண்ணை ஆண் காவலர் தொட்டுக் கைது செய்யக் கூடாது. சூரியன் மறைந்த பிறகு, உதிக்கும் முன் பெண்ணைக் கைது செய்ய விசேஷ காரணமும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். மூன்று வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் 60 வயதைத் தாண்டியவரைக் கைது செய்ய டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதி தேவை, சென்னையில் அது உதவி ஆணையர். உங்கள் வீடியோவுக்கு இவை பொருந்தாது. அடுத்த வீடியோவுக்குப் பொருந்தலாம்.

நெஞ்சில் பெயர்ப் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது 36-வது பிரிவு. நம் ஊரில் ஒளிரும் மேல்சட்டையோ மழைக்கோட்டோ அதை மறைத்துவிடும். வேண்டுமென்றே மறைத்தார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஆனால் மஃப்டியில் இருப்பவர் ஒருவர் பெயரும் சொல்லாமல் அடையாள அட்டையும் காட்டாமல் காலரைப் பிடித்தால், அது வேறு விஷயம்.

வீடியோ ஜீப் கதவோடு முடிந்துவிடுகிறது. என் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கு 11 விதிகள் வகுத்தது. அவற்றில் பல இன்று சட்டப் பிரிவுகளாகவே இருக்கின்றன. கைதுக் குறிப்பில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், குடும்பத்தவரோ அந்தப் பகுதி ஆள் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். கைதானவர் கேட்டால் உடம்பில் இருக்கும் சிறு காயத்தைக்கூடக் குறித்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஏன் கைது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. எந்தக் குற்றமானாலும் காரணத்தை எழுத்தில், அவருக்குப் புரிகிற மொழியில் கொடுக்க வேண்டும். உடனே முடியாத சூழலில் வாயால் சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு 2 மணி நேரத்துக்கு முன்னாலாவது எழுத்தில் தர வேண்டும். கேமரா முன்னால் ஜீப்பில் ஏறும்போது காரணம் சொன்ன சத்தம் கேட்கவில்லை என்பதற்காக கைது செல்லாது என்று எழுதாதீர்கள். உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். தாளில் பாருங்கள்.

வீடியோவின் உண்மையான பலம் இந்தத் தாள்களோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் வெளியே வரும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், பிறகு காவலில் இறந்துபோன ஜெயராஜும் பென்னிக்ஸும் கைதானபோது, அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் காயம் ஏற்பட்டதாக எஃப்.ஐ.ஆர். சொன்னது. கடைப் பக்கத்துச் சிசிடிவி பதிவு வெளியே வந்தபோது அப்படி உருண்டவர் யாரும் அதில் இல்லை. அந்தப் பதிவில் அடிதடி கிடையாது, ரத்தம் கிடையாது. சாதாரணமாகப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத வீடியோ. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அதன் சாட்சியம். இதை நான் என் ஜூனியர்களிடம் அடிக்கடி சொல்வேன். வீடியோவில் அடி இருக்கிறதா என்று மட்டும் தேடாதே, எஃப்.ஐ.ஆரில் இருப்பது வீடியோவில் இல்லையா என்றும் தேடு.

சென்னையிலும் தொலைவில் இல்லை. 2022 ஏப்ரல் 18 இரவு கெல்லீஸ் அருகே வாகனச் சோதனையில் ஆட்டோவில் வந்த விக்னேஷ் என்ற இளைஞரைப் பிடித்தார்கள். மறுநாள் இறந்துபோனார். முதலில் வலிப்பு என்று சொல்லப்பட்டது. பிரேதப் பரிசோதனை 13 காயங்களைக் காட்டியது. கொலை வழக்காக மாறி, சி.பி.சி.ஐ.டி. காவலர்களையே கைது செய்தது. ரோட்டில் எடுக்கப்படும் வீடியோ ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்வேன். ஜீப்பில் ஏறும்போது அவர் தன் காலில் நடந்தாரா, கை வீங்கியிருந்ததா, நெற்றியில் ரத்தம் இருந்ததா என்பதற்கு அந்த நிமிடத்தின் ஒரே சாட்சி அந்தப் போன்தான். "பாத்ரூமில் வழுக்கி விழுந்து" கையில் மாவுக்கட்டோடு வரும் படங்களை நம் ஊரில் ஜோக்காகவே பகிர்கிறோம். போலீஸ் ஸ்டேஷன் கழிவறை பிடிபட்டவர்களுக்கு மட்டும்தான் வழுக்குமா என்று உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. ரவுடிக்குத்தானே என்று சிரிக்கிறவர்கள், இந்த வீடியோவில் வருகிற பையனுக்கும் அதே பாத்ரூம்தான் என்பதை யோசிப்பதில்லை.

ரிமாண்டு நேரம் பற்றி ஒரு வார்த்தை. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். "போலீஸ் அடிச்சாங்களா?" என்று அவர் கேட்பார். பத்தில் ஒன்பது பேர் "இல்ல சார்" என்பார்கள். பக்கத்திலேயே அவரைக் கூட்டிவந்த ஏட்டு நிற்கிறார், இரவு மறுபடியும் அவரோடுதான் ஜெயில் வரை போக வேண்டும். அந்த "இல்ல சார்" பிறகு வழக்கு முழுக்க எதிரில் வந்து நிற்கும். முடிந்தால் அந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும், காயத்தைக் காட்டிக் குறிக்கச் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் போட்ட விபத்துப் பதிவு இருந்தால், அதாவது ஏ.ஆர். காப்பி, அதில் "யாரால் ஏற்பட்டது" என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வீடியோவில் இடது கன்னம், ஏ.ஆர். காப்பியில் இடது கன்னம் வீக்கம் என்றால் அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ரோட்டில் நின்று போலீசைப் படம் எடுப்பது குற்றமா? பொது இடத்தில் எடுக்கத் தடை போட்ட சட்டம் எதுவும் இல்லை. வேலைக்குக் குறுக்கே போகாமல் சில அடி தள்ளி நின்று எடுங்கள், அவ்வளவுதான். போலீஸ் ஸ்டேஷன்கூட அரசு ரகசியச் சட்டத்தில் சொல்லும் தடை செய்யப்பட்ட இடம் இல்லை என்று 2022-ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை சொல்லிவிட்டது. சாட்சியமாகத் தேவை என்றால் போனைக் கைப்பற்றலாம், ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான். பிடுங்கி அழிக்கச் சொல்வது சாட்சியத்தை அழிப்பது.

எடுத்ததை எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த காப்பி சுருங்கிப்போய் வரும், எப்போது எடுத்தது என்ற விவரமும் போயிருக்கும். எடுத்த போனில் இருக்கும் மூலக் கோப்பைத் தொடாதீர்கள், வெட்டாதீர்கள், முகத்தை மறைப்பதானால் வேறு காப்பியில் மறையுங்கள். அந்தப் போனையே கொண்டுவந்து எடுத்தவரே கூண்டில் ஏறிச் சொன்னால் அது முதல்நிலைச் சாட்சியம். பென் டிரைவில் தந்தால் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பும், அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடும், போட வேண்டும்.

சுற்றியுள்ள கடைகளின் கேமராவை மறக்காதீர்கள். என்னிடம் வழக்குக் கொடுத்த ஒருவருக்கு ஜாமீன் எடுப்பதிலேயே நான் மூழ்கிவிட்டு, எதிரே இருந்த டீக்கடையின் பதிவைக் கேட்க பதினெட்டாவது நாள் போனேன். கேமராப் பதிவைச் சேமிக்கும் டி.வி.ஆர்., பதினைந்து நாளுக்கு ஒரு முறை பழைய பதிவின் மேலேயே எழுதிக்கொள்கிற பெட்டி. கடைக்காரர் பாவம், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இப்போது ஜாமீன் மனுவுக்கு முன்னால் கேமராவைத் தேடித்தான் ஆள் அனுப்புகிறேன். ஸ்டேஷனுக்குள் இருக்கும் கேமராப் பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி உடனே எழுத்தில் கேளுங்கள். சாத்தான்குளத்தில் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தார்.

புகார் வேப்பேரி ஆணையர் அலுவலகத்திலும் தரலாம், கிரீன்வேஸ் சாலையில் இருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்திலும் தரலாம். ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2021-ல் தீர்ப்பளித்தது. மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகவும் போகலாம், ஆனால் பணியில் செய்ததற்காக அரசு ஊழியர் மேல் வழக்குப் போட அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற சுவர் குறுக்கே வரும். அறைக்கு எந்த முன் அனுமதி என்று அங்கேயும் சண்டை போட வேண்டியிருக்கும்.

அப்பாவுக்கும் நண்பர்களுக்கும் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நிறுத்தியதில் தவறு தெரியவில்லை. சாவி, அவர் குடித்திருந்தாரா என்பதைப் பொறுத்தது. கைது, எஃப்.ஐ.ஆரைப் பார்க்காமல் சொல்ல முடியாது. கீழே தள்ளியதும் முதல் அடியும் வாதத்துக்கு உரியவை. இரண்டாவது அடியும் அறையும் குற்றம், பையன் எவ்வளவு குடித்திருந்தாலும்.

எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-லேயே உத்தரவு இருக்கிறது, விதிவிலக்கான வழக்குகளைத் தவிர. தமிழ்நாடு போலீசின் தளத்தில் தேடி எடுங்கள். சம்பவ நேரம் என்று போட்டிருக்கும் மணியை வீடியோ கோப்பின் நேரத்தோடு வைத்துப் பாருங்கள். பிறகு "கொன்றுவிடுவேன்" என்று அவர் மிரட்டியதாக எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால், சத்தத்தை மட்டும் இன்னொரு தடவை கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.